இரட்டைக் குதிரைச் சவாரி

"இரண்டு குதிரையில் சவாரி செய்யாதே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுகிற விலாங்கு மீன் ஆசாமிகளுக்காக ஏற்பட்ட புத்திமதி அது. ஆனால் இந்த வாரம் நான் சொல்லப் போகிறவர் உள்ளபடியே இரண்டு குதிரைகளில் சவாரி செய்தவர். ஒளிவு மறைவில்லாமல், ஊரறிய, உலகறியச் செய்தவர். அதற்காக அவரை யாரும் ஏசவில்லை. அர்ஜுனா விருது கொடுத்து மரியாதை செய்தார்கள்!

குதிரை விஷயத்தை இப்போது எடுத்ததற்குக் காரணம் கிருஷ்ணன்கோவிலிலிருந்து வந்த ஒரு கடிதந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை போகிற சாலையில், வத்திராயிருப்புக்குத் திரும்பும் இடத்தில் இருக்கிறதே, அந்த ஊர். எழுதியிருப்பவர் ஒரு தாயார். அவருடைய பெண் சென்னையில் கால்நடை வைத்தியம் படிக்கிறாளாம். படிக்கப் போன இடத்தில் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருக்கிறாள். அங்கே குதிரை மேல் ஏற்றிவிட்டார்கள். ஏறினவளுக்கு இறங்க மனமில்லை. விடுமுறைக்கு வந்தவள், "அம்மா, நான் குதிரைப் போட்டிகளுக்குப் போகப் போகிறேன்" என்று சொல்லிவிட்டாள். தாயாருக்குத் தூக்கம் போய்விட்டது.

அவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். கை கால் ஒடிந்தால் என்ன செய்வது? செலவுக்கு எங்கே போவது? ஒரு பெண் பிள்ளைக்கு இது ஏற்ற காரியந்தானா?

மூன்றும் நியாயமான கேள்விகள். பெற்ற வயிறு கேட்காமல் வேறு யார் கேட்பது?

* * *

அந்தச் சகோதரியின் பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பக்கத்தில் ராஜபாளையம் என்றால் நாய். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள், அதற்கு அடுத்தபடி பால்கோவா. உயிருள்ள குதிரையை யாரும் அடிக்கடி பார்ப்பதில்லை. கண்மாய்க் கரை அய்யனார் கோயிலில் மண் குதிரை நிற்கும். திருவிழாவில் பெருமாள் குதிரை வாகனத்தில் வருவார்; அது மரக் குதிரை. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள், நிஜக் குதிரையை நம்பிப் பெண்ணை ஏற்றி அனுப்பு என்றால் மிரளத்தானே செய்வார்கள்?

ஆனால் பாண்டிய நாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள சம்பந்தம் லேசானதல்ல. மாணிக்கவாசகர் கதையை நினைத்துப் பாருங்கள். பாண்டிய மன்னன் அவரிடம் பொன்னைக் கொடுத்து அனுப்பியது எதற்காக? குதிரை வாங்கத்தானே! நரி பரியானதும், பரி மறுபடி நரியானதும் நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

கதையை விட்டுச் சரித்திரத்துக்கு வந்தாலும் அதே சங்கதிதான். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ என்ற வெனிஸ் நகரத்து யாத்திரிகர், பாண்டிய அரசர்கள் வருஷந்தோறும் கப்பலில் ஆயிரக்கணக்கான குதிரைகளை வரவழைத்ததை எழுதி வைத்திருக்கிறார். கூடவே ஒரு வருத்தமான செய்தியையும் சேர்த்திருக்கிறார். வருஷக் கடைசியில் பார்த்தால் அவற்றில் மிகச் சிலவே உயிரோடு மிஞ்சுமாம். பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இல்லை; தீனி ஒத்துக்கொள்ளவில்லை. இவை இறந்தால்தானே மறுபடி வியாபாரம் நடக்கும் என்று, குதிரை விற்ற வர்த்தகர்கள் லாடக்காரர்களை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே விடவில்லை என்கிறார் அவர்.

கஜானாவில் பொன் இருந்தது, குதிரையும் வந்தது. பேணத் தெரியாததால் எல்லாம் மண்ணாய்ப் போயிற்று. குதிரை ஏற விரும்புகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான். ஏறுவது பாதி வித்தைகூட அல்ல, பேணுவதுதான் வித்தை.

* * *

இப்போது நம் இரட்டைக் குதிரைக்காரரிடம் வருவோம். அவர் பெயர் பவாத் மிர்ஸா. 1992-ல் பிறந்தவர், பெங்களூர்க்காரர். தகப்பனார் குதிரை வைத்தியர். ஆகவே பிள்ளைக்குக் குதிரை லாயம் இன்னொரு வீடாகவே இருந்திருக்கும் என்பதில் ஆச்சரியமில்லை.

2018-ஆம் ஆண்டு இந்தோனேஷியாவில் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அதில் பவாத், 'ஸெனியர் மெடிகாட்' என்ற குதிரையில் ஏறித் தனி நபர் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். இந்தியக் குழுவுக்கும் வெள்ளி கிடைத்தது. 1982-ல் டில்லியில் ரகுபீர் சிங் தங்கம் வாங்கிய பிறகு, தனி நபராகக் குதிரைப் போட்டியில் ஒரு இந்தியர் ஆசியப் பதக்கம் தொட்டது அப்போதுதான். நடுவில் 36 வருஷங்கள்!

அவர் கலந்துகொண்ட போட்டியின் பெயர் 'ஈவெண்டிங்'. மூன்று பரீட்சைகள் சேர்ந்த போட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது 'டிரெஸ்ஸாஜ்'. சவாரி செய்கிறவர் வாய் திறக்காமல், சாட்டையைச் சுழற்றாமல், குதிரையை வட்டமாகவும் குறுக்காகவும் அழகாக நடத்திக் காட்ட வேண்டும். பார்ப்பதற்கு நாட்டியம் மாதிரி இருக்கும். இரண்டாவது 'கிராஸ் கண்ட்ரி'. மேடு பள்ளம், நீர் நிலை, மரக்கட்டைத் தடைகள் எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு சில கிலோமீட்டர் தூரம் பாய்ந்து ஓட வேண்டும். மூன்றாவது, மைதானத்தில் வரிசையாக வைத்த கம்புகளைத் தட்டாமல் தாண்டுவது.

முதல் பரீட்சைக்குப் பூனை மாதிரி சாது வேண்டும். இரண்டாவதுக்குப் புலி மாதிரி தைரியம் வேண்டும். மூன்றாவதுக்கு, முந்திய நாள் ஓடிய அலுப்பையும் மறந்து, கம்பு மேல் கால் படாத நிதானம் வேண்டும். மூன்றும் ஒரே குதிரையிடம் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட குதிரை கிடைப்பது குதிரைக் கொம்புதான்!

இதில் ஆணுக்கு ஒரு போட்டி, பெண்ணுக்கு ஒரு போட்டி என்ற பிரிவினை கிடையாது. ஒலிம்பிக் விளையாட்டுகளில் ஆணும் பெண்ணும் எதிர் எதிராக, சரிசமமாக மோதுவது குதிரைச் சவாரியில்தான். கிருஷ்ணன்கோவில் சகோதரி இதைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும். பின்னால் இதற்கு வருகிறேன்.

* * *

ஜகார்த்தாவுக்கு அடுத்தது டோக்கியோ ஒலிம்பிக். அதற்கு இடம் பிடிக்க வேண்டும். 2019-ல் பவாத் தென்கிழக்கு ஆசிய, ஓஷியானியப் பிரிவில் 64 புள்ளிகள் சேர்த்து இடம் பிடித்தார். அந்த 64 எப்படி வந்தது தெரியுமா? 'ஃபெர்ன்ஹில் ஃபேஸ்டைம்' என்ற குதிரை 34 புள்ளி சம்பாதித்துக் கொடுத்தது. 'டச்சிங்வுட்' என்ற இன்னொரு குதிரை 30 கொடுத்தது. ஒற்றைக் குதிரையை மட்டும் நம்பியிருந்தால் அந்தக் கணக்கு பாதியில் நின்றிருக்கும்.

ஒருவருக்கு எதற்காக இரண்டு குதிரை? பணக்காரத் திமிரா என்று கேட்கத் தோன்றும். இல்லை. குதிரையின் கால் சொல்லும் பதில் வேறு.

சுமார் 500 கிலோ எடையுள்ள அந்த ஜீவன் ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலை ஊன்றித்தான் நடக்கிறது. குளம்பு என்பது அந்த விரலின் நகம். முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது. எலும்பும் நரம்புக் கயிறு மாதிரியான தசைநாணுமே உண்டு. தடையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது அத்தனை பாரமும் முன்னங்கால்களில் விழுகிறது. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் அங்கே காயம் பட்டால் ஆற மாதக்கணக்காகும். ஒரு வருஷம் ஆனாலும் ஆகும். ஆகவே ஒரு பெரிய போட்டி ஓடிய குதிரைக்கு வாரக்கணக்கில் ஓய்வு கொடுத்தே தீர வேண்டும். மனிதருக்கோ பழக்கம் விட்டுப் போகக் கூடாது. ஒன்று ஓய்வெடுக்கும்போது மற்றொன்றில் ஏற வேண்டும். இரண்டாவது குதிரை ஆடம்பரத்துக்காக அல்ல. முதல் குதிரையை வதைக்காமல் இருப்பதற்காக.

இன்னொரு சிரமமும் இருக்கிறது. இரண்டு குதிரைக்கும் சுபாவம் ஒன்றாக இராது. ஒன்று குதியால் லேசாகத் தொட்டாலே பாயும். மற்றொன்றைத் தட்டிக் கொடுத்துக் கெஞ்ச வேண்டும். ஒன்றுக்குத் தண்ணீரைக் கண்டால் உற்சாகம். மற்றொன்றுக்குக் குடை நிழலைக் கண்டாலே கிலி. காலையில் ஒன்றின் மேலிருந்து இறங்கி மற்றொன்றின் மேல் ஏறும்போது, சவாரி செய்கிறவர் தம் கையையும் காலையும் குரலையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மூத்தவனை அதட்டுகிற மாதிரி இளையவளை அதட்டினால் காரியம் கெட்டுவிடும் என்பது தாய்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

* * *

இனி விஷயத்தின் இக்கட்டான கட்டம்.

ஒலிம்பிக்கில் இடம் பிடித்தால் மட்டும் போதாது. போட்டியில் ஏறப் போகிற குதிரையோடு சேர்ந்து, குறைந்தபட்சத் தகுதி ஒன்றையும் காட்ட வேண்டும். கொரோனாவினால் ஒலிம்பிக் ஒரு வருஷம் தள்ளிப் போனதல்லவா? 2021-ல் போலந்து தேசத்தில் பபோரூவ்கோ என்ற ஊரில் நடந்த போட்டியில் பவாத் இரண்டு குதிரைகளோடு அந்தத் தகுதியைப் பெற்றார். ஒன்று, ஜகார்த்தாவில் வெள்ளி வாங்கிக் கொடுத்த மெடிகாட். மற்றது 'தஜாரா 4' என்ற பெண் குதிரை, வயதில் இளையவள்.

மெடிகாட்டுக்கு ஜகார்த்தாவுக்குப் பிறகு காயம் பட்டது. நெடுநாள் ஓய்விலிருந்து திரும்பி வந்த கிழட்டு வீரன் என்று சொல்லலாம். அப்போது வயது 15. டோக்கியோவுக்கு இரண்டில் எதைக் கூட்டிப் போவது?

முதலில் தஜாரா போகிறாள் என்று தீர்மானமாயிற்று. பெயரும் கொடுத்தாயிற்று. கடைசிக் கட்டத்தில் தீர்மானம் மாறி, மெடிகாட் விமானம் ஏறினான். ஆம், குதிரையும் விமானத்தில்தான் போகிறது. கொட்டில் மாதிரியான பெட்டிக்குள் நின்றுகொண்டு, எதிரே தொங்கும் புல்லைத் தின்றுகொண்டு!

இந்த மாதிரித் தீர்மானத்தில்தான் சவாரிக்காரரின் மனசு தெரியும். நமக்கு எதில் ஆசை என்பதைப் பார்க்கக் கூடாது. எது இன்று ஆரோக்கியமாயிருக்கிறது, எது அந்த வெயிலையும் ஓட்டத்தையும் தாங்கும் என்பதைப் பார்க்க வேண்டும். குதிரை வாய் திறந்து சொல்லாது. காலையும் மாலையும் உள்ளங்கையால் நான்கு கால்களையும் தடவிப் பார்த்து எங்கேயாவது சூடு தெரிகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். கெட்டித் தரையில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது குதிரை தலையை லேசாக மேலே தூக்கும். அந்த ஒரு சிறு அசைவுதான் அதன் பாஷை. போட்டி ஆரம்பிக்கு முன்னும், நடுவிலும் வைத்தியர்கள் இப்படி ஓடவிட்டுப் பரீட்சை செய்கிறார்கள். அதில் தேறாத குதிரைக்கு இடமில்லை. சவாரி செய்கிறவர் எந்த நாட்டு மகாராஜாவாக இருந்தாலும் சரி.

டோக்கியோவில் என்ன நடந்தது? முதல் பரீட்சையில் பவாத்தும் மெடிகாட்டும் 28 தண்டப் புள்ளிகளோடு 9-ஆம் இடத்தில் இருந்தார்கள். இந்தப் போட்டியில் புள்ளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 2021 ஆகஸ்ட் 1-ஆம் தேதி காலை, கடலோரத்தில் கிராஸ் கண்ட்ரி. 7 நிமிஷம் 45 விநாடிக்குள் முடிக்க வேண்டியதை 8 நிமிஷம் 13 விநாடியில் முடித்தார்கள். தாமதம் 28 விநாடி. விநாடிக்கு 0.4 வீதம் 11.20 தண்டம். மறுநாள் தாண்டும் பரீட்சையில் இரண்டு கம்புகள் விழுந்து 8 தண்டம். இருந்தாலும் கடைசிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுத்த 25 பேரில் ஒருவராக வந்துவிட்டார். முடிவில் மொத்தம் 59.60 தண்டத்தோடு 23-ஆம் இடம். ஒலிம்பிக் ஈவெண்டிங்கில் ஒரு இந்தியர் கலந்துகொண்டதே 2000-ல் ஸிட்னிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

பதக்கம் இல்லையே என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அந்த 28 விநாடியை யோசித்துப் பாருங்கள். அதே நாளில் அதே பாதையில் ஸ்விட்ஸர்லாந்து வீரர் ஒருவர் ஏறிய 'ஜெட் ஸெட்' என்ற 14 வயதுக் குதிரைக்குக் காலில் தசைநார் அறுந்துபோயிற்று. குணமாக்க வழியில்லை என்று வைத்தியர்கள் கண்டு, அந்தக் குதிரையை வேதனையின்றி உறங்கவைத்துவிட்டார்கள். எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் நேரக்கூடிய விபத்து அது. அந்தக் களத்திலிருந்து ஒருவர் குதிரையை நான்கு காலிலும் நடத்தித் திரும்பக் கூட்டி வந்தாலே அது சாதாரணக் காரியம் அல்ல.

* * *

இனிச் சகோதரியின் மூன்று கேள்விகள்.

முதலாவது, ஆபத்து. இல்லவே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். உண்டு. ஆனால் அது இப்போது முன்னைவிடக் கட்டுக்குள் வந்திருக்கிறது. தலைக்கவசம் கட்டாயம். மார்புக் கவசம் உண்டு. குதிரையிலிருந்து விழுந்ததும் காற்றடைத்துக்கொண்டு உடம்பைக் காக்கும் சட்டைகூட வந்திருக்கிறது. குதிரை பலமாக மோதினால் தாமாகவே கீழே விழுந்துவிடும் தடைகளை அமைக்கிறார்கள். இவற்றையெல்லாம் விடப் பெரிய பாதுகாப்பு, படிப்படியாக ஏறுவதுதான். நேற்று ஏறினவள் இன்றைக்கே வேலி தாண்டுவதில்லை. கீழ்ப் படியில் தேறாதவர்களை மேல் படிக்கு விடக் கூடாது என்பதற்காகத்தான் மேலே சொன்ன குறைந்தபட்சத் தகுதியே ஏற்பட்டது. கால்நடை வைத்தியம் படிக்கிற பெண்ணுக்குக் குதிரையின் கண்ணும் காதும் என்ன சொல்கின்றன என்பது மற்றவர்களைவிட முன்னாலேயே தெரியும். அதுவும் ஒரு கவசந்தான்.

இரண்டாவது, செலவு. இங்கே நான் வீட்டுக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். ஒரு குதிரை தினம் சுமார் 10 கிலோ உலர்ந்த புல் தின்னும். 30, 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும். அதன் இரைப்பை சிறியது. ஒரே வேளையில் கொட்டினால் வயிற்று வலி வரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது; வயிற்று வலியாலேயே உயிர் போவதுண்டு. ஆகவே கைக்குழந்தைக்குப் போல் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை லாடக்காரர் வர வேண்டும். இந்தக் கணக்கை இரண்டால் பெருக்கினால் இரட்டைக் குதிரை! நடுத்தரக் குடும்பம் தாங்குகிற கணக்கு அல்ல.

அந்தக் கணக்கைப் பவாத்தும் தனியாகத் தாங்கவில்லை. பெங்களூர் 'எம்பஸி' நிறுவனத்தார் குதிரைகளை வாங்கிக் கொடுத்து ஆதரித்தார்கள். அவர் ஜெர்மனிக்குப் போய்த் தங்கிப் பயிற்சி பெற்றார். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குதிரை வியாதிகளுக்குப் பயந்து, இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் குதிரைகளைச் சுலபமாகக் கொண்டு போக முடியாத நிலைமை வெகு காலமாக இருந்தது. இங்கே வளர்ந்த குதிரையோடு அங்கே போய்ப் போட்டியிட முடியாது. அங்கேயே குதிரை வைத்துக்கொள்ள வேண்டும். 2025 ஜூலையில்தான் மீரத் ராணுவக் கால்நடைப் படை நிலையத்தில் நோயற்ற குதிரைப் பகுதி ஒன்று சர்வதேச அங்கீகாரம் பெற்றது. இனிமேல் வழி கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் என்று நம்பலாம்.

கிருஷ்ணன்கோவில் பெண்ணுக்கு இப்போதைக்கு இந்தச் செலவு ஒன்றும் இல்லை. மாணவர் படையின் குதிரைப் பிரிவில் குதிரை சர்க்காருடையது; தீனி சர்க்காருடையது; சொல்லிக் கொடுக்கிறவரும் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர். சொந்தக் குதிரை வேண்டும் என்று அவள் கேட்கவில்லையே? கேட்கும் காலம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

* * *

மூன்றாவது கேள்வி: பெண் பிள்ளைக்கு ஏற்றதா?

ஒரு காலத்தில் உலகமே, ஏற்றதல்ல என்றுதான் சொல்லிற்று. ஒலிம்பிக்கில் குதிரை ஏறும் உரிமை பட்டாளத்து அதிகாரிகளுக்கே என்று வைத்திருந்தார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்வீடன் குழு டிரெஸ்ஸாஜில் தங்கம் வாங்கிற்று. பின்னால் அந்தக் குழுவில் ஒருவர் நிஜமான அதிகாரி அல்ல, ஸார்ஜெண்ட்தான் என்று கண்டுபிடித்து, தங்கத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள்! ஸார்ஜெண்டுக்கே அந்தக் கதி என்றால் ஸ்திரீகளுக்கு ஏது இடம்?

1952-ல்தான் டிரெஸ்ஸாஜ் பகுதியில் பெண்களுக்குக் கதவு திறந்தது. அந்த வருஷமே டென்மார்க் தேசத்து லிஸ் ஹார்ட்டெல் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். அவர் யார் தெரியுமா? 1944-ல், கர்ப்பிணியாக இருந்தபோது போலியோ கண்டு, முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தவர். குதிரை மேல் தூக்கி உட்காரவைக்க வேண்டும்; இறக்கிவிட வேண்டும். 'ஜூபிலி' என்ற குதிரையில் ஏறிக்கொண்டபின் ஆண்களுக்குச் சரியாக நின்றார். 1956-லும் வெள்ளி வாங்கினார்.

ஈவெண்டிங் மட்டும் பெண்களுக்கு ஆகாது என்று இன்னும் சில வருஷம் தடுத்து வைத்திருந்தார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் லானா டுபாண்ட் முதல் பெண்ணாக அதில் இறங்கினார். கிராஸ் கண்ட்ரியில் குதிரையோடு இரண்டு முறை விழுந்தார், இரண்டு முறையும் எழுந்து ஏறினார், ஓட்டத்தை முடித்தார். அவருடைய குழுவுக்கு வெள்ளி கிடைத்தது.

அதே டோக்கியோவில், 57 வருஷம் கழித்து, பவாத் 23-ஆவதாக வந்த அதே போட்டியில் தங்கம் வாங்கியவர் யார்? ஒரு பெண்! ஜெர்மனியின் ஜூலியா கிரயெவ்ஸ்கி. ஒலிம்பிக் ஈவெண்டிங்கில் தனி நபர் தங்கம் வாங்கிய முதல் பெண்மணி.

அவர் கதையிலும் இரண்டு குதிரைகள் உண்டு. 'ஸாமுராய்' என்ற குதிரைதான் அவருடைய நெடுநாள் துணை. 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் அதில்தான் ஏறினார். கிராஸ் கண்ட்ரியில் அது முரண்டு பிடித்ததால் பாதியில் விலக நேர்ந்தது. டோக்கியோவில் அந்தக் குறை தீரும் என்று காத்திருந்தவருக்கு, 2021 தொடக்கத்தில் பேரிடி. ஸாமுராயின் ஒரு கண்ணில் நோய் கண்டு, கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. ஒற்றைக் கண்ணோடு அதைப் போட்டிக்கு விரட்ட அவர் மனம் ஒப்பவில்லை. ஓய்வு கொடுத்துவிட்டார். லாயத்தில் மிச்சமிருந்தது 11 வயதுப் பெண் குதிரை 'அமாண்ட்'. பெரிய களங்களில் அதிகம் பழகாதவள். அவளோடு போய், 26 தண்டப் புள்ளியில் தங்கத்தைக் கொண்டு வந்தார்.

பவாத்துக்கு இரண்டில் எது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தது. ஜூலியாவுக்கு அதுவும் இல்லை. இருவரும் செய்தது ஒன்றேதான்: குதிரையின் க்ஷேமத்தை முன்னால் வைத்து, தம் ஆசையைப் பின்னால் வைத்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. பவாத்துக்கு ஜெர்மனியில் சொல்லிக் கொடுத்த குருமார் இருவரும் பெண்கள். முதலில் பெட்டினா ஹோய். பிறகு ஸாண்ட்ரா அவுஃபார்ட். மெடிகாட் மேல் பவாத்துக்கு முன்னால் ஏறியவரும் அந்தப் பெட்டினா அம்மையார்தான். ஸாண்ட்ரா டோக்கியோவில் தம் நாட்டுக்காகத் தாமே களத்தில் இறங்கினார்; குருவும் சிஷ்யரும் ஒரே போட்டியில்! ஆண் பிள்ளைக்குப் பெண்கள் கற்றுக் கொடுத்த வித்தை, பெண் பிள்ளைக்கு ஏற்காதா?

நம் பக்கத்து உதாரணமே வேண்டுமென்றால் கேரளத்தில் மலப்புரம் ஜில்லாவைச் சேர்ந்த நிதா அஞ்சும் இருக்கிறார். இவர் செய்வது நெடுந்தூரச் சவாரி. 2023-ல் பிரான்ஸில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் 120 கிலோமீட்டரை 'எப்ஸிலோன் ஸாலூ' என்ற குதிரையில் கடந்தார். 2024-ல் அதே நாட்டில் பெரியவர்கள் போட்டியில் 160 கிலோமீட்டரைப் 'பெட்ரா டெல் ரே' என்ற வேறொரு குதிரையில் பதினொரு மணி நேரத்துக்குள் முடித்தார். நடு நடுவே நிறுத்தி வைத்தியர்கள் பரீட்சை செய்வார்கள். குறித்த நேரத்துக்குள் குதிரையின் இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 64-க்குள் இறங்காவிட்டால் அத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேகமாக ஓட்டத் தெரிந்தால் போதாது. எங்கே நிதானிக்க வேண்டும் என்று தெரிய வேண்டும்.

2023 ஹாங்சௌ ஆசியப் போட்டியில் டிரெஸ்ஸாஜில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த நால்வரில் இருவர், திவ்யகிருதி சிங்கும் சுதிப்தி ஹஜேலாவும், பெண்கள். டோக்கியோ டிரெஸ்ஸாஜில் ஆஸ்திரேலியாவுக்காக இறங்கிய மேரி ஹன்னா அம்மாளுக்கு வயது 66. ஆகவே, "வயசு போய்விட்டால் இதெல்லாம் எதற்கு ஆகும்?" என்று கேட்கவும் இடமில்லை!

* * *

கிருஷ்ணன்கோவில் சகோதரிக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உங்கள் பெண்ணிடம், "எத்தனை அடி உயரம் தாண்டுகிறாய்?" என்று கேட்காதீர்கள். "இன்று குதிரைக்குக் குளம்பு சுத்தம் செய்தாயா? காலைத் தடவிப் பார்த்தாயா? தண்ணீர் காட்டிவிட்டு நீ சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். ஆமாம் என்று முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் பயப்படாமல் அனுப்புங்கள். பாண்டிய மன்னர்கள் பொன் கொடுத்தும் வாங்க முடியாத சாமர்த்தியம் உங்கள் வீட்டில் வளர்கிறது என்று அர்த்தம்.

ஒரு குதிரையோடு ஆரம்பிக்கட்டும். இரண்டாவது குதிரைக்கு வேளை வரும்போது வரும். அதற்குள் கொடியில் காயும் சவாரி உடுப்பிலிருந்து வருகிற லாயத்து வாசனை உங்களுக்கும் பழகிப் போயிருக்கும்!